காஹினின் வெண்கல உருவும் பக்தாதியின் பார்வையும்

மண்ணூர்பேட்டையிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்று வந்த மாணவர்கள் சிலர், அங்குள்ள வெண்கலக் கூடத்தில் நின்று பார்த்ததே மார்க்கப்படி பிழையாகுமோ என்று நம்மிடம் வினவினர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வார்ப்படச் சாலைகளில் தந்தையர் பணிபுரியும் பிள்ளைகள் அவர்கள். உலோகத்தை உருக்கி வார்ப்பது அவர்களுக்குப் பழகிய செய்தியே. சிலை என்றதும்தான் உள்ளம் தயங்கிற்று. அத்தயக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும் இவ்வினாவை நம் முன்னோர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மிஸ்ர் நாட்டில் எதிர்கொண்டுள்ளனர்.

மிஸ்ரின் பழங்கோயில்களில் குருமார்களின் வெண்கல உருவங்கள் வார்க்கப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது, கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கரோமாமா என்னும் பெண் குருவின் உருவம். சித்திர எழுத்துகளைப் படித்தறிந்த ஷாம்போலியோன் அதனை 1829இல் மிஸ்ரில் விலைக்கு வாங்கினார். இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. களிமண் கருவின்மீது மெழுகால் உருவமைத்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடைவெளியில் வெண்கலத்தை ஊற்றி, மேற்பரப்பில் பொன்னையும் வெள்ளியையும் பதித்திருக்கின்றனர். சோழர் காலப் படிமங்களும் மெழுகு முறையில் வார்க்கப்பட்டவையே. ஆனால் அவை பெரும்பாலும் உட்கூடின்றி முழுக் கனமாக அமைந்தவை.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. இத்தகைய குருவை இன்றைய அரபி நூல்கள் ‘காஹின்’ என்கின்றன. ஹதீஸ்களில் கண்டிக்கப்படும் காஹினோ, ஜாஹிலிய்யா கால அரபகத்தில் மறைவானதை அறிவதாகச் சொல்லிக்கொண்ட குறிகாரன். மிஸ்ரின் காஹின் கோயில் ஊழியன். தலையை மழித்து, வெண்ணிற நாராடை உடுத்து, சடங்குகளை நடத்தியதுடன் கோயில் நிலங்களையும் தானியத்தையும் மேற்பார்த்தவன். இருவரையும் ஒன்றெனக் கொள்வது மொழியறியாப் பிழை.

ஹிஜ்ரி 557இல் (1162) பிறந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, மருத்துவர். மார்க்கக் கல்வியும் நிரம்பப் பெற்றவர். மிஸ்ரைப் பற்றிய ‘அல்இஃபாதா வல்இஃதிபார்’ என்னும் தம் நூலில் பழஞ்சிலைகளின் உறுப்பளவுகளை ஒரு மருத்துவரின் கண்கொண்டு ஆராய்கிறார். அபுல் ஹவ்லின் முகத்தில் உள்ள அளவு ஒழுங்கே தமக்குப் பெருவியப்பு என்கிறார். (1200–1202 பஞ்சத்தில் குவிந்துகிடந்த எலும்புகளை ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று கண்டு கேலனைத் திருத்தியதும் இதே கண்தான்.) முன்னைய அரசர்கள் இவ்வெச்சங்களைச் சிதைக்க இடங்கொடாமல் காத்தனர் என்றும், அவை காலத்தைக் கணிக்க உதவுவன, திருக்குர்ஆன் கூறும் சமுதாயத்தினருக்குச் சான்றாவன, படிப்பினை தருவன என்றும் எழுதுகிறார். தம் காலத்தில் புதையல் ஆசையால் பலர் அவற்றை உடைத்ததை வருந்திக் கூறுகிறார்.

உருவம் சமைப்பது பற்றிய ஃபிக்ஹு விவாதம் வேறு; எஞ்சியிருப்பதைக் கண்டு அறிவது வேறு. மாணவர்களிடம் நாம் இதைத்தான் கூறினோம்.

பக்தாதி நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஸலாஹுத்தீனின் மகன் அல்மலிக்குல் அஸீஸ், சிலரின் பேச்சைக் கேட்டுப் பிரமிடுகளை இடிக்க முற்பட்டார். சிறியதிலிருந்து தொடங்கி, எட்டு மாதங்கள் உழைத்தும் நாளொன்றுக்கு ஓரிரு கற்களையே பெயர்க்க முடிந்தது, பணி கைவிடப்பட்டது. அந்த வெட்டு வடு மென்காரே பிரமிடின் வடமுகத்தில் இன்றும் தெரிகிறது.