பெட்டி இல்லாத ஊரில் வானொலி

1931 கிறிஸ்துமஸ் அன்று ஈக்வடார் நாட்டுத் தலைநகர் கித்தோவில் ஒரு வானொலி நிலையம் பேசத் தொடங்கியது. தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனெரிகள். நிலையத்தின் பெயர் எச்.சி.ஜே.பி. அன்றைக்கு அதைக் கேட்கக்கூடிய பெட்டிகள் எத்தனை இருந்தன? ஆறு என்கிறது ஒரு வரலாறு. பதின்மூன்று என்கிறது இன்னொன்று. நாடு முழுவதற்குமே அவ்வளவுதான் என்று எழுதியவர்களும் உண்டு. கித்தோ நகரத்துக்கு மட்டும் என்று எழுதியவர்களும் உண்டு. ஒலிபரப்பியின் திறனும் ஓரிடத்தில் 200 வாட், வேறோரிடத்தில் 250 வாட்.

வாட் கணக்கில் ஐம்பது கூடிக் குறைவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெட்டிக் கணக்குதான் உறுத்தியது. கேட்பதற்கு ஆளில்லாத ஊரில் நிலையம் வைப்பவர் ஒன்று பித்துப் பிடித்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நமக்குச் சொல்லப்படாத ஏதோ ஒரு கணக்கு அவரிடம் இருந்திருக்க வேண்டும். ஊழிய வரலாறுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரும். மேடைதோறும் சாட்சி சொல்லச் சொல்ல எண்கள் இளைத்துவிடும். பெட்டி குறையக் குறைய அற்புதம் பெருக்கும்.

இந்த நிலையத்தைப் பற்றி ஊழிய வட்டத்திலிருந்து வந்த புத்தகங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 1961இல் ஃபிராங்க் குக் எழுதியது. மற்றது, நிலையத்தைத் தொடங்கிய கிளாரன்ஸ் ஜோன்ஸின் வாழ்க்கை வரலாறு. 1980இல் லோயிஸ் நீலி எழுதியது. இரண்டும் பாசத்தோடு எழுதப்பட்டவை. பாசத்தோடு எழுதும்போது மனிதர்கள் துலக்கமாகத் தெரிவார்கள். அரசாங்கமும் இயந்திரமும் பின்னுக்குப் போய்விடும். எனவே அரசாங்கத்தையும் இயந்திரத்தையும் வெளியே தேடப் போனேன்.

முதல் துப்பு ஈக்வடாரின் சொந்த வானொலி வரலாற்றிலேயே கிடைத்தது. ரியோபாம்பா என்ற மலைநகரில் எல் பிராடோ என்றொரு நெசவாலை. அங்கிருந்து கார்லோஸ் கோர்தோவெஸ் என்ற பொறியாளர் 1929 ஜூன் மாதமே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டார். அப்படியானால் ‘ஈக்வடாரின் முதல் வானொலி’ என்று சிலர் எச்.சி.ஜே.பி.க்குச் சூட்டும் பட்டம் நிற்காது. அன்றாட நிகழ்ச்சிகள் நடத்திய முதல் நிலையம் என்று திருத்திச் சொன்னால் நிற்கும். அதோடு பெட்டிக் கணக்கும் ஆட்டம் காண்கிறது. இரண்டரை ஆண்டுகளாக ஒரு நிலையம் பாடிக்கொண்டிருந்த நாட்டில் மொத்தமே ஆறு பெட்டி என்றால் நம்புவதற்கில்லை. ஆறோ பதின்மூன்றோ, அது கித்தோவுக்குள் மிஷனெரிகள் கண்டுபிடித்த பெட்டிகளின் கணக்காகத்தான் இருக்க முடியும். பெயரிலும் இதே கதைதான். நான்கு எழுத்துக்கும் பக்தி வாக்கியம் ஒன்று சொல்வார்கள். ஆனால் முதல் இரண்டு எழுத்துகளான எச்.சி. சர்வதேச ஏற்பாட்டில் ஈக்வடாருக்கு ஒதுக்கப்பட்ட அடையாளம். அந்நாட்டு நிலையம் எதுவும் அதைப் போட்டாக வேண்டும்.

‘உலகின் முதல் மிஷனெரி வானொலி’ என்ற பட்டத்தையும் சோதிக்க வேண்டியிருந்தது. மார்க்கோனியே கட்டிக்கொடுத்த வாடிகன் வானொலியை 11ஆம் பத்திநாதர் திறந்து வைத்தது 1931 பிப்ரவரி 12. கித்தோவுக்குப் பத்து மாதம் முன்பு. ஆனால் அது ஒரு திருச்சபை தன் வீட்டிலிருந்து உலகத்தோடு பேசியது. மிஷனெரிகள் அந்நிய மண்ணில் போய், அந்நாட்டு அனுமதியோடு சொந்த நிலையம் வைத்ததில் கித்தோவே முன்னோடி. இந்தப் பட்டத்தில் நான் கை வைக்கவில்லை.

இனி ஜோன்ஸ். இரட்சணிய சேனைக் குடும்பத்தில் பிறந்தவர், டிராம்போன் வாசிப்பவர். சிகாகோ பிரசங்கியார் பால் ரேடரின் குழுவில் இருந்தார். 1922 ஜூன் 17 அன்று சிகாகோ நகர மண்டபத்தின் மொட்டை மாடியில் ஒரு மரக்கூண்டுக்குள் நின்று, பலகையின் ஓட்டை வழியாகத் தெரிந்த ஒலிவாங்கியை நோக்கி ரேடரின் குழு வாசித்தது. ஜோன்ஸுக்கு வானொலி மீது பித்துப் பிடித்தது அங்கேதான். 1928இல் தென்திசைக்குப் புறப்பட்டார். வெனிசுவேலா, கொலம்பியா, பனாமா, கியூபா என்று அலைந்தார். எந்த அரசும் அனுமதி தரவில்லை. ஊர் திரும்பியவர் மனமுடைந்து கடற்படையில் சேர மனுப்போட்டார். கண்பார்வை சரியில்லை என்று அங்கேயும் கழித்துவிட்டார்கள். நாலு நாடுகள் கைவிரித்த மனிதருக்கு ஐந்தாவது நாடு ஏன் கதவைத் திறந்தது? ஊழியப் புத்தகங்கள் இதற்கு ஜெபத்தைப் பதிலாகச் சொல்கின்றன. அதை மறுப்பது என் வேலையல்ல. ஆனால் பதில் அதோடு முடியவில்லை.

ஈக்வடாரில் 1895இல் எலோய் அல்ஃபாரோ தலைமையில் லிபரல் புரட்சி நடந்தது. 1906 அரசியல் சாசனம் திருச்சபையையும் அரசையும் பிரித்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியைத் தளர்த்த விரும்பிய லிபரல்களுக்குப் புராட்டஸ்டண்டுகள் தொந்தரவாகத் தெரியவில்லை. ரூபன் லார்சனும் அவர் மனைவி கிரேஸும் கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ் சார்பில் 1920களிலேயே அங்கு வேரூன்றியிருந்தார்கள். மொழி தெரியும், அதிகாரிகளைத் தெரியும். சிகாகோவில் இருந்த ஜோன்ஸுக்கு இல்லாதது இந்தப் பழக்கம்தான். லார்சனும் உடன் ஊழியர்களும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு அரசை அணுகினார்கள். 1930 ஆகஸ்டில், இசிட்ரோ அயோரா ஜனாதிபதியாக இருந்தபோது, 25 ஆண்டுகளுக்கு அனுமதி கிடைத்தது.

தேடலில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்த ஒப்பந்தம்தான். ஜனாதிபதிகளின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் கிடைத்த ஓராண்டில், 1931 ஆகஸ்டில், அயோரா பதவியிழந்தார். அடுத்து வந்த லாரியா அல்பா அக்டோபர் நடுப்பகுதியைத் தாண்டித் தாக்குப்பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஜோன்ஸ் டிராம்போன் வாசித்து, லார்சன் ஸ்பானிய மொழியில் பேசியபோது நாற்காலியில் இருந்தவர் மூன்றாமவர், பாக்கேரிசோ மொரேனோ. மறு ஆகஸ்டில் கித்தோ தெருக்களில் நான்கு நாள் உள்நாட்டுப் போர். அடுத்த பத்தாண்டுக்குள் அந்த நாற்காலியில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். வெறும் ஒரு ஜனாதிபதியின் தயவில் தொடங்கியிருந்தால் நிலையம் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே மூடியிருக்கும். அரசின் முத்திரை விழுந்த ஒப்பந்தமாக இருந்ததால் தப்பித்தது. ஆட்டுக்கொட்டகையில் வைத்த ஒலிபரப்பியைப் பற்றி எல்லாப் புத்தகமும் உருகி உருகி எழுதுகிறது. அந்த வழக்கறிஞருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம்.

ஒப்பந்தம் எவ்வளவு பெரியது என்பதை இன்னொரு நிலையத்தோடு ஒப்பிட்டால் புரியும். பால் ஃபிரீட் 1954இல் மொராக்கோவின் டாஞ்சியரிலிருந்து ஐரோப்பாவை நோக்கி ஒலிபரப்பத் தொடங்கினார். டாஞ்சியர் அப்போது சர்வதேச மண்டலம். யாரும் நிலையம் வைக்கலாம். 1956இல் மொராக்கோ விடுதலை அடைந்தது. வானொலிகள் அரசுடைமை ஆகவே, 1959 முடிவோடு அவர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு மொனாக்கோவில் மறுபடி தொடங்கியதுதான் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ. ஜெபம் இரண்டு இடத்திலும் இருந்தது.

சரி, இயந்திரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், அதுவும் மலைமேல் வானொலி வைக்காதே என்று அந்தக் காலத்து வல்லுநர்கள் ஜோன்ஸை எச்சரித்தார்கள். கித்தோ இரண்டையும் சேர்த்து மீறிய ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர். எச்சரிக்கை தவறு என்று பின்னால் தெரிந்தது. சிற்றலையைக் கலைத்துப்போடும் காந்தப் புயல்கள் துருவங்களை ஒட்டித்தான் உக்கிரமாக வீசும்; பூமத்திய ரேகை இரு துருவங்களுக்கும் தூரம். கேட்பவர்கள் உள்ளூரில் இல்லாவிட்டால் என்ன, சிற்றலை கடல் தாண்டும். ஜோன்ஸின் கணக்கு இதுதான். நாடு கடந்து பேச நினைப்பவருக்கு உள்ளூர்ப் பெட்டிகளின் எண்ணிக்கை தடையாகாது.

உயரம் மட்டும் நிஜமாகவே தொல்லை கொடுத்தது. 1940 ஈஸ்டர் அன்று ஜனாதிபதி ஆந்த்ரேஸ் கோர்தோவா விசையைத் தட்டி 10 கிலோவாட் ஒலிபரப்பியைத் தொடங்கி வைத்தார். அந்தச் சக்தியில் ஆன்டெனாக் கம்பிகளின் நுனிகள் எரியத் தொடங்கின. மலைமேல் காற்று மெலிது. மெலிந்த காற்றில் மின்சாரம் சீக்கிரம் உடைத்துக்கொண்டு கசியும். யாகி வகை ஆன்டெனாவில் மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பது கம்பியின் நுனியில்தான். இரவில் நுனிகளில் சுடர் தெரியும், உலோகம் உருகிச் சொட்டும். பொறியாளர் கிளாரன்ஸ் மூர் 1942இல் பொசோர்ஹா கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனபோது ஒரு சுமை பொறியியல் புத்தகங்களோடு போனார். நுனிதானே பிரச்சினை, நுனியே இல்லாத ஆன்டெனா செய்வோம் என்று முடிவுகட்டி, கம்பியைச் சதுர வளையமாக மூடினார்.

இந்தக் கதையும் ஊழியக் கூட்டங்களில் கேட்கக் கிடைப்பதே. ஆனால் இதற்கு வெளிச் சாட்சி இருக்கிறது: 1951இல் மூருக்கு வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை, எண் 2,537,191. சாட்சிக் கூட்டத்துக் கதை ஒன்று காப்புரிமை அலுவலகத்திலும் பதிவாகியிருப்பது அபூர்வம். இன்று ‘குவாட்’ ஆன்டெனாவைக் கூரைமேல் நட்டிருக்கும் ஹாம் வானொலிக்காரர்களில் பலருக்கு அது ஒரு மிஷன் நிலையத்தில் பிறந்தது என்பது தெரியாது. மூர் பின்னாளில் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில் தொடங்கிய நிறுவனம்தான், ஒலிபெருக்கித் தொழிலில் இருப்பவர்கள் நன்கறிந்த கிரவுன்.

அதற்குப் பிந்தைய காகிதங்களில் சிக்கல் இல்லை. 1953இல் ஒலிபரப்பிகள் கித்தோவுக்கு வெளியே பிஃபோவுக்குப் போயின. மின்சாரத்துக்கு மலையில் சொந்த நீர்மின் நிலையம். 1981இல் 500 கிலோவாட் ஒலிபரப்பி. முடிவும் அரசின் காகிதத்தில்தான் எழுதப்பட்டது. கித்தோவின் புதிய விமான நிலையத்துக்குக் குறித்த இடம் பிஃபோவுக்கு அருகில் அமைந்தது. விமானப் பாதையில் உயரமான கோபுரங்கள் நிற்கக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று பிஃபோவின் சிற்றலை நின்றது; கோபுரங்கள் கழற்றப்பட்டன.

என் தீர்ப்பு: ஆறு பெட்டிக் கதை மேடைக்காக இளைத்த எண். அதை நம்பித் தொடங்கியவர்களும் இல்லை, அதை மீறி வென்றவர்களும் இல்லை. உள்ளூரில் வேர்பிடித்த ஒரு தம்பதி, சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர், தூரத்துக்குப் பேசும் சிற்றலை, நுனி எரிந்தால் வளையம் செய்யத் தெரிந்த ஒரு பொறியாளர். இவர்கள் இல்லாமல் தரிசனம் மட்டும் கித்தோ ஏறியிருக்காது.

தமிழில் இப்படியொரு தேடல் நடத்துவது இதைவிடக் கடினம். 1970இல் செஷல்ஸ் தீவுகளிலிருந்து தொடங்கிய ஃபீபா வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளை நம் ஊர்களில் காதைத் தீட்டிக் கேட்டவர்கள் ஏராளம். இலங்கையின் புத்தளத்திலிருந்து 1970களின் இறுதியில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ பேசியதைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். நிலையங்களின் கணக்கு நிலையங்களிடம் இருக்கும். கேட்டவர்களின் கணக்கு கேட்டவர்களிடம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில், ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டையோ, வேதபாடத் தபால் வழிச் சான்றிதழோ, நிலையத்திலிருந்து வந்த பதில் கடிதமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். உறையைக் கிழிக்காமல் வையுங்கள். தேதி முத்திரை அதில்தான் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.