செங்கற்பட்டுச் சீமையில் பெற்ற நிலமும் இழந்த நிலமும்

உரிமை வரலாறு என்றவுடன் வட்டமேசை மாநாடும் அரசியலமைப்புச் சட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. அம்மாநாட்டிற்குச் சென்ற இரட்டைமலை சீனிவாசனார் பிறந்த கோழியாளம் நம் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்ததே என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. எனினும் இளைஞர்களே, நாம் இங்கு எழுதப் புகுவது மாநாடுகளைப் பற்றியன்று. நம் முன்னோர் உழுத மண்ணைப் பற்றி.

1891-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்கீர், நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். சேரி மனைகூட மிராசுதாரருக்கே உரியது என்று கூறப்பட்ட காலம் அது. கூலி உயர்த்திக் கேட்டவனைக் குடிசையை விட்டே வெளியேற்ற முடிந்தது. தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதாரர் தமக்கே முன்னுரிமை என்று தடுத்தனர். பட்ட கடனுக்குப் படியாளாய் உழைத்து, அக்கடனையே மகனுக்கு விட்டுச் சென்ற தந்தையர் எத்தனை பேர்!

அவ்வறிக்கையின் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010 என்னும் எண்ணுள்ள அரசாணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என வழங்குவதன் தோற்றம் இதுவே. அவ்வாறு ஒப்படை செய்யப்பட்ட நிலத்தைப் பத்தாண்டுகள் விற்கலாகாது. அதன் பின்னரும் நம் வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது. மீறின் அரசு மீட்டுக்கொள்ளும் என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

நிபந்தனை நன்று. ஆனால் அதனைப் படிக்கத் தெரிந்தவர் சேரியில் எவர்? நிலம் கிடைத்தது, ஏர்மாடு கிடைக்கவில்லை, விதைநெல் கிடைக்கவில்லை. கணக்கோ கர்ணத்தின் கையில். ஒரு திருமணம், ஒரு பஞ்சம், ஒரு கைநாட்டு, அவ்வளவே. நம் ஊரிலேயே ஒரு குடும்பம் தன் நிலத்தை இவ்வாறு இழந்து, அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டதை நாம் சிறுவராயிருந்தபோது கண்டோம். நிலம் நமதென்று அப்போது எவரும் சொல்லவில்லை.

1924-இல் சட்டமன்றத்தில் ஆர். வீரையனார் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் யாவருக்கும் உரியன என்று அரசு அறிவித்தது. தெருவில் நடக்கும் உரிமைக்கே ஓர் அரசாணை வேண்டியிருந்தது!

நில வழக்கோ ஓயவில்லை. 1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கவேண்டி நம் மக்கள் போராடினர். அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். அரசாணை பிறந்து அப்போது நூற்றிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

சென்ற ஆண்டு நம் கழகத்தின் மாலை வகுப்பிற்கு ஒரு மூதாட்டியார் தகரப்பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய ஒப்படைத் தாளைக் கொணர்ந்தார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதனை உரக்கப் படித்தாள். பிறர்க்கு விற்கலாகாது என்னும் வரி வந்ததும் மூதாட்டியார் கையை உயர்த்தி நிறுத்தினார். "அத இன்னொருவாட்டி படி கண்ணு" என்றார். அவள் படித்தாள். மறுவாரம் வட்டாட்சியர்க்குரிய மனுவையும் அவளே எழுதினாள்.