தென்காசி இராசகோபுரம்: சிதைவும் மீட்பும்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கிழக்கு வாயிலில் அமைந்த ஒன்பது நிலைக் கோபுரம் தென்காசி இராசகோபுரம். உயரம் ஏறத்தாழ 180 அடி. 15ஆம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் (ஆட்சி: 1422–1463) தொடங்கிய இக்கோபுரத்தின் மேல்நிலைகள் பிற்காலத்தில் தீயால் அழிந்தன. நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்று, 1990இல் மீண்டும் எழுந்தது. இடரில் சிக்கிய மரபுக் கட்டடங்களை மீட்கும் பணிக்குத் தென்தமிழகத்தில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு இது.

வரலாறு

மதுரையை இழந்த பாண்டியர், பொருநை (தாமிரபரணி) வட்டாரத்துக்கு ஒதுங்கிய பிறகு தென்காசியைத் தலைநகராக்கிக்கொண்டனர். சிற்றாற்றங்கரையில் பராக்கிரம பாண்டியன் கட்டிய இக்கோயிலில் அவன் பாடல்களாகப் பொறிப்பித்த கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர்களை இப்போதே பணிவதாக அவற்றுள் ஒன்றில் மன்னன் கூறுகிறான். கட்டியவனே சிதைவை எதிர்பார்த்து, பழுதுபார்ப்பவரை முன்கூட்டி வணங்கிய அரிய ஆவணம் இது. தீயில் மேல்நிலைகளை இழந்து நின்ற கோபுரம் நாளிதழ் அதிபர் சிவந்தி ஆதித்தனின் முயற்சியால் மீண்டும் கட்டப்பட்டு, 1990இல் குடமுழுக்கு நடைபெற்றது.

சிதைவின் தன்மை

தமிழகக் கோபுரங்களில் பெரும்பாலானவை இருவகைப் பொருளால் ஆனவை. அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுதைச் சிற்பங்கள். நிலைகளின் உள்ளே மர உத்தரங்கள் தாங்கி நிற்கும். தீப்பிடித்தால் முதலில் எரிவது மரம். அது போனதும் மேலுள்ள செங்கற்சுமை சரிகிறது. கோபுரத்தின் மேல்பகுதி அழிந்த பிறகும் கருங்கல் அடிப்பகுதி நிலைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் கருங்கல்லும் தீக்குத் தப்பியதன்று. அதிலுள்ள படிகக்கல் 573 பாகை செல்சியசில் திடீரென விரிவதால் கல் வெடிக்கிறது. 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீயில் கல்தூண்கள் வெடித்து, கூரை சரிந்தது. மண்டபத்திற்குள் இருந்த கடைகளில் பற்றிய தீ அது.

மீட்புப் பணியின் படிநிலைகள்

இடர் நேர்ந்ததும் மரபுக் கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் முதலில் செய்வது, எஞ்சியது விழாமல் முட்டுக் கொடுப்பதும் சாரம் கட்டுவதும். அடுத்தது இடிபாட்டைக் காப்பது. உடைந்த கல்லையும் சுதையையும் குப்பையாக வாரிக் கொட்டாமல், விழுந்த இடத்தைக் குறித்து எண்ணிட்டு அடுக்க வேண்டும். விரைவாக இடத்தைக் காலி செய்ய நினைக்கும் நிருவாகத்துக்கும் வல்லுநருக்கும் பெரும்பாலும் மோதல் எழுவது இங்கேதான்.

பிறகு அளவு வரைபடம், ஒளிப்படம், லேசர் அளவீடு ஆகியவற்றால் கட்டடம் பதிவு செய்யப்படுகிறது. பழைய சாந்து ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, அதற்கு ஒத்த கலவை உருவாக்கப்படுகிறது. சுண்ணாம்புடன் கடுக்காய், வெல்லம் சேர்க்கும் பழைய முறை இன்றும் கையாளப்படுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் பூசும் சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்து, உப்புப் பூக்கவும் செங்கல் உதிரவும் வழிசெய்யும்.

இரு மரபுகள்

ஆகம வழியில் பழுதுற்ற கோயிலைப் புதுக்குவது சீர்ணோத்தாரணம் எனப்படும், வழக்கில் திருப்பணி. வழிபாடு தொடர்வதே அதன் நோக்கம். பழுதானதை நீக்கிப் புதியதை வைப்பது அதில் குறையன்று. 1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனமோ பழைய பொருளையே சான்றாகக் கருதி, ஊகம் தொடங்கும் இடத்தில் பணியை நிறுத்தச் சொல்கிறது. 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்று இந்த இடைவெளியைக் குறைத்தது.

தென்காசிக் கோபுரம் திருப்பணி மரபைச் சேர்ந்தது. அதன் மேல்நிலைகளை 20ஆம் நூற்றாண்டுப் படைப்பாகவே கருத வேண்டும். 2010இல் இடிந்து, 2017இல் குடமுழுக்குக் கண்ட காளத்தி இராசகோபுரமும் அவ்வகையே. 2014 நவம்பரில் மழையில் இடிந்த புதுச்சேரி மேரி (நகராட்சி) கட்டடம் உலக வங்கி நிதியுதவியுடன் பழைய தோற்றத்திலேயே கட்டப்பட்டு, 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் பழையது, பொருள் புதியது என்பதால் இதுவும் மறுகட்டுமானமே. மாறாக, 2012இல் தீப்பற்றிய சென்னைச் சேப்பாக்கம் கலச மகாலில் எஞ்சிய சுவர்களைக் காத்துப் பொதுப்பணித்துறை சீரமைத்தது.

சிற்றாற்று வட்டாரம்

தென்காசிக்குக் கீழே சிற்றாற்றின் போக்கில் அமைந்த வீரகேரளம்புதூர், ஊற்றுமலை சமீன்தார்களின் தலைநகராக இருந்தது. இவ்வட்டாரத்தில் இடர் என்பது பெரும்பாலும் நீர். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை, சிற்றாறு கலக்கும் தாமிரபரணியில் பெருவெள்ளத்தைக் கொணர்ந்தது. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலில், வெள்ளம் வரும்போது உற்சவ மூர்த்திகளைக் கரைமேலுள்ள கோயிலுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். இடரை முன்னறிந்து இயங்கும் இத்தகைய உள்ளூர் நடைமுறைகளும் பாதுகாப்புத் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை.

பெருங்கோயில்களுக்குப் புரவலர் கிடைப்பர். சமீன் மாளிகை, கல்மண்டபம், படித்துறை போன்றவற்றுக்குக் கிடைப்பது அரிது. இவற்றின் அளவு வரைபடங்களை இடர் வருமுன் எடுத்துவைப்பதே மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மீட்புப் பணி.