வெள்ளை அங்கியில் தீண்டாமை

தீண்டாமை எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், நம் விரல் உடனே கிணற்றடியைக் காட்டும். கோயில் வாயிலைக் காட்டும். தேநீர்க் கடையின் தனிக்குவளையைக் காட்டும். எழுத்தறியாமை விலகினால் அது விலகும், விஞ்ஞானம் பரவினால் அது வேரறும் என்று எண்ணுகிறோம். எண்ணம் நல்லதுதான். ஆனால், கற்றோரில் கற்றோராய் விளங்குவோர், நுண்ணோக்காடி வழியே கிருமியைக் கண்டோர், நோயுற்றோர்க்குத் துணை நிற்பதே தம் தொழில் என்று உறுதி கூறியோர் – அவர்களிடையே ஒரு புதிய தீண்டாமை பிறந்ததே, 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, விஞ்ஞானத்தின் ஒளி வெள்ளத்திலே! அதற்கு என்ன விடை கூறுவது?

எச்.ஐ.வி. கிருமி தொற்றியோரை மருத்துவ உலகம் நடத்திய முறையைத்தான் குறிப்பிடுகிறோம். பகுத்தறிவாளர் அந்த வரலாற்றைக் கட்டாயம் படிக்கவேண்டும். அறிவு நிறைந்த இடத்திலும் மடமை எவ்வாறு இடம் பிடிக்கிறது என்பதை அதைப்போல விளக்கிடும் ஏடு வேறில்லை.

* * *

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு செய்தி வெளிவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு, எதிர்ப்பாற்றல் குன்றிய உடலையே தாக்கும் அரிய நுரையீரல் நோய் கண்டிருக்கிறது. இருவர் மாண்டனர் என்பது அச்செய்தி. அந்த ஐவரும் தன்பாலீர்ப்பினர். பிறகு, ஊசிவழிப் போதை ஏற்றிக்கொள்வோரிடமும், இரத்தம் உறையாக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்றோரிடமும் அதே நோய் காணப்பட்டது. காரணம் தெரியவில்லை, மருந்தும் இல்லை. அந்த நாட்களில் மருத்துவமனை ஊழியர் அஞ்சினார் என்றால், அவரைக் குற்றம் சாட்ட நமக்கு மனம் வராது. அறியாத ஒன்றைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு.

ஆனால், அறியாத காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1983இல், பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்தான்யே ஆகியோரும் அவர்தம் குழுவினரும் நோயின் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், நோய் பரவும் வழிகள் இவை, பரவா வழிகள் இவை என்று அமெரிக்க மையம் அறிவித்தது. 1985இல் இரத்தப் பரிசோதனை முறை வந்தது. இரத்தத்தின் வழி பரவும். உடலுறவின் வழி பரவும். தாயிடமிருந்து சேய்க்குப் பரவும். தொட்டால் பரவாது, இருமினால் பரவாது, ஒரே தட்டில் உண்டால் பரவாது, படுத்த பாயால், உடுத்த துணியால் பரவாது. நான்கே ஆண்டுகளில் இத்தனை தெளிவு!

தெளிவு வந்த பின்னர் அச்சம் அகன்றிருக்கவேண்டுமல்லவா? அகலவில்லை. உணவுத் தட்டை அறை வாயிலிலேயே வைத்துவிட்டு விலகிய ஊழியர் உண்டு. அறுவை மருத்துவம் செய்யமாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்த வல்லுநர் உண்டு. பல்லில் விழுந்த குழியை அடைக்கத் தம் மருத்துவக் கூடத்தில் இடமில்லை, பெரிய மருத்துவமனைக்கு வந்தால் அடைக்கிறேன், அங்கு ஆகும் செலவும் உன்னுடையது என்று ஒரு பெண்ணிடம் கூறிய பல் மருத்துவரின் வழக்கு, 1998இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. இருட்டிலே கயிற்றைப் பாம்பென்று எண்ணி அலறியவரை மன்னிக்கலாம். விளக்கேற்றிக் கயிறென்று காட்டிய பின்னும் தடியைத் தூக்குபவரை என்னென்பது?

எல்லோரும் தடியைத் தூக்கவில்லை. 1983 ஜூலையில், சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் இந்நோயாளர்க்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. கிளிஃப் மாரிசன் என்ற செவிலியர் முன்னின்று அமைத்த அக்கூடத்தில், தாமே விரும்பி முன்வந்தோர் மட்டுமே பணியாற்றினர். நோயாளரின் கையைப் பற்றினர். கட்டிலில் அமர்ந்து பேசினர். சாகும் தறுவாயில் அணைத்துக்கொண்டனர். கிருமி பிரித்தெடுக்கப்பட்ட அதே ஆண்டில், பரிசோதனை முறை பிறப்பதற்கு முன்னரே, இவர்களால் முடிந்தது!

1987 ஏப்ரலில், லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அத்தகைய கூடத்தைத் திறக்க வந்த இளவரசி டயானா, கையுறை அணியாமல் நோயாளி ஒருவரின் கையைக் குலுக்கினார். படம் உலகெங்கும் பரவியது, நன்மையும் விளைந்தது. ஆயினும் அந்தப் படத்தை உற்று நோக்கவேண்டும். கை கொடுத்தவரின் முகத்தை உலகம் கண்டது. கை பெற்றவரோ, தம் முகம் தெரியாதவாறு நின்றே படமெடுக்க இசைந்தார். நோயைவிட நோயின் பெயருக்கு அஞ்சவேண்டியிருந்தது அவருக்கு!

அதே 1987 நவம்பரில், அமெரிக்க மருத்துவச் சங்கம், கிருமி தொற்றியவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தம் திறமைக்கு உட்பட்ட சிகிச்சையை மருத்துவர் மறுப்பது அறமன்று என்று அறிவித்தது. மருத்துவர் சிகிச்சையளிக்கவேண்டும் என்பதைக்கூட மருத்துவர்க்கு எடுத்துக் கூறவேண்டிய நிலை!

* * *

கடல் கடந்த கதைதானே என்று ஆறுதல் கொள்ள நமக்கு வழியில்லை. 1980களின் நடுப்பகுதியில், 'இது மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய். நம் பண்பாடு வேலியாக நிற்கிறது. இங்கே அணுகாது' என்று நம் நாட்டிலே பேசினர். பண்பாட்டைக் கண்டு கிருமி பின்வாங்கும் என்று எந்த மருத்துவ நூலிலே படித்தனரோ!

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கும் பணியை ஒப்படைத்தார். பாலியல் தொழிலாளிப் பெண்கள் வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குச் சென்று மாணவி இரத்த மாதிரிகளைத் திரட்டினார். சென்னையிலே அன்று பரிசோதனை வசதி இல்லை. மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 1986இல் முடிவு தெரிந்தது: ஆறு பெண்களின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம். இந்தியாவில் இந்நோய்க் கிருமி கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. வேலி என்று கூறப்பட்டது வெறும் கோலம் என்பதை ஒரு மாணவியின் உழைப்பு மெய்ப்பித்தது.

ஆனால், ஒழுக்கக்கேட்டின் நோய் என்ற பேச்சு ஓயவில்லை. சட்ட நூலிலும் ஏறி அமர்ந்தது. கோவாவிலே, கிருமி தொற்றியோரைத் தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் தரும் விதி இயற்றப்பட்டது. டொமினிக் டிசோசா என்ற இளைஞர், இரத்த தானம் செய்யும் பழக்கமுடையவர். அந்தக் கொடையின் வழியேதான் அவருக்குத் தொற்று இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. 1989 பிப்ரவரியில் போலீசார் அவரைக் கொண்டுசென்றனர். பயனின்றிக் கிடந்த பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாட்கள் அடைத்துவைத்தனர். சிகிச்சைக்காக அல்ல, சிறைக்காக! மருத்துவமனையின் சுவர் சிறைச்சுவராயிற்று. அவருடைய தாய் நீதிமன்றம் ஏறினார். மகன் விடுதலை பெற்றார். ஆனால் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தச் சட்ட விதியைச் செல்லாததென்று தள்ளிவிடவில்லை. டிசோசா தம்மையொத்தாருக்காக ஓர் அமைப்பை உருவாக்கிவிட்டு, 1992இல் மறைந்தார்.

நம் நாட்டு மருத்துவமனைகளில் இத்தீண்டாமை ஆரவாரமின்றி நடைபெற்றது. 'இங்கே வசதி இல்லை, வேறிடம் செல்க' என்று ஒரு சீட்டு. படுக்கையின் தலைமாட்டிலே ஓர் அட்டை. நோயாளியின் இசைவு பெறாமல் பரிசோதனை. முடிவை அவரிடம் கூறுமுன் ஊருக்கெல்லாம் கூறும் கொடுமை. பிள்ளைப்பேற்று வலியோடு வந்தவளையும் திருப்பியனுப்பும் கல்நெஞ்சம். இவ்வாறு தள்ளப்பட்டோர்க்குத் தாம்பரம் காசநோய் மருத்துவமனை 1990களிலே கதவு திறந்தது. 1993இல் சுனிதி சாலமன், இவர்களுக்கெனச் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்.

* * *

'எங்கள் உயிர் எங்களுக்குப் பெரிதல்லவா? ஊசி குத்தினால் என்ன ஆவது?' என்று மருத்துவப் பணியாளர் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது, விடையும் நேர்மையானதாக இருக்கட்டும். எச்.ஐ.வி. தொற்றியவரின் இரத்தம் தோய்ந்த ஊசி ஆயிரம் முறை குத்தினால், தொற்று ஏற்படுவது ஏறத்தாழ மூன்று முறை. கல்லீரலைத் தாக்கும் சி-வகைக் கிருமியானால் ஏறத்தாழ பதினெட்டு முறை என்று முன்னர் மதிப்பிடப்பட்டது. பி-வகைக் கிருமியானால், தடுப்பூசி போடாதவர்க்கு அறுபது முதல் முந்நூறு முறை வரை! எச்.ஐ.வி.க்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு: ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள், எத்துணை விரைவிலோ அத்துணை நன்று, தடுப்பு மருந்து உண்ணத் தொடங்கினால், அந்த மூன்றும் பெருமளவு குறைந்துவிடும்.

கணக்கைப் பார்த்தீர்களா? அச்சம் கணக்கின் வழி நடப்பதாயிருந்தால், பி-வகைக் கிருமியைக் கண்டு இருபது முதல் நூறு மடங்கு வரை நடுங்கியிருக்கவேண்டும். யாரும் நடுங்கவில்லை. ஏன்? கல்லீரல் நோயாளியிடம் 'எப்படி வந்தது?' என்று யாரும் புருவம் நெரிப்பதில்லை. எச்.ஐ.வி. நோயாளியிடமோ, நாடி பார்க்குமுன் நடத்தை பார்த்தனர். உடலைச் சோதிக்கும் இடத்தில் ஒழுக்கத்தைச் சோதித்தனர். மருத்துவர் இருக்கையில் நீதிபதி அமர்ந்துகொண்டார். கிருமியைப் பற்றிய அறியாமை 1983லேயே நீங்கிவிட்டது. மனிதரைப் பற்றிய தீர்ப்பு நீங்கவில்லை. ஏட்டறிவு எட்டாத இடம் அதுதான்.

தலைமாட்டு அட்டையாவது ஊழியரைக் காப்பாற்றியதா? அதுவும் இல்லை. தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் பரிசோதனை அதனைக் காட்டாது. பரிசோதனையே செய்துகொள்ளாதோர் எத்தனையோ பேர். அட்டை தொங்கும் கட்டிலில் எச்சரிக்கை, அட்டை இல்லாத கட்டிலில் அசட்டை – ஆபத்து வருவது இரண்டாவது கட்டிலிலிருந்துதான்! இதனை உணர்ந்தே 1987இல், அமெரிக்க மையம் ஒரு பொது விதியை வகுத்தது: எவருடைய இரத்தமாயினும் கிருமியுள்ளதெனக் கருதிக் கையாளுக, எல்லா நோயாளிக்கும் ஒரே கையுறை, ஒரே கவனம். எண்ணிப் பாருங்கள்! செல்வர், வறியர், கற்புடையாள், கற்பிழந்தாள் என்ற பட்டங்களை எல்லாம் கிருமி அறியாது. எனவே அவற்றைக் காப்பு முறையும் அறியாதிருக்கவேண்டும். சமத்துவம் உயர்ந்த அறம் என்று மேடையிலே முழங்குகிறோம். இங்கே சமத்துவமே பாதுகாப்பு என்று ஆய்வுக்கூடம் கூறுகிறது!

ஒன்றை மறத்தலாகாது. கையுறை தராமல், ஊசியை அழிக்கும் கலம் தராமல், துப்புரவுத் தொழிலாளியை வெறுங்கையோடு இரத்தத் துணியை அள்ளச் செய்துவிட்டு, 'அஞ்சாதே' என்று உபதேசிப்பது அநீதி. நோயாளியை விலக்கிய நிர்வாகமே பணியாளரையும் கைவிட்டது. இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள்.

2017இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இரு கிளைகளையுமே வெட்ட முனைந்திருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுத்தல் கூடாது. இசைவின்றிப் பரிசோதித்தல் கூடாது. பரிசோதித்துக்கொண்டால்தான் சிகிச்சை என்று வற்புறுத்தலும் கூடாது. நோயாளியின் நிலையை வெளியிடல் ஆகாது. அதே சட்டம், பணியாளர்க்குக் காப்புக் கருவிகளும், ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும், பயிற்சியும் தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது. முறையிட மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது.

மருந்தும் வளர்ந்துவிட்டது. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தாம்பரம் அதன் தொடக்க நிலையங்களில் ஒன்று. மருந்தை ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழி தொற்று பரவுவதில்லை என்று பெரும் ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. ஆனால், மருந்து மருத்துவமனையிலே இருக்கிறது. மருத்துவமனைக்குச் செல்லத்தான் அச்சம்! இந்திய நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கின்றனர். ஒரு செவிலியரின் சுளித்த முகம் அவர்களில் ஒருவரைத் திருப்பியனுப்பினால், அவருடைய மருந்து நிற்கிறது, கிருமி பெருகுகிறது, நோய் பரவுகிறது. தீண்டாமை நோயைத் தடுக்கவில்லை, நோயை வளர்க்கிறது!

தீண்டாமையை 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. கிணற்றடியை விட்டு அது அன்றே ஓடிவிட்டதா? சட்டம் கருவி. அதை ஏந்தும் கை வேண்டும். மருத்துவம் பயிலும் இளைஞரே, செவிலியராகப் போகும் தங்கையே, அந்தக் கை உங்களுடையது. தலைமாட்டில் அட்டை தொங்கினால், ஏன் என்று கேளுங்கள். கூடத்திலே கையுறை இல்லையென்றால், அதையும் ஏன் என்று கேளுங்கள். இரண்டு கேள்வியையும் ஒருசேரக் கேட்பதே பகுத்தறிவு. நாடி பார்க்க நீளும் விரலுக்கு, நாடி ஒன்றே தெரியட்டும்!