திருவைந்தெழுத்து ஓதும் மரபு

திருவைந்தெழுத்து என்பது ‘நமசிவாய’ என்னும் ஐந்து எழுத்துகளால் ஆன சைவ மந்திரம். பஞ்சாட்சரம், பஞ்சாக்கரம் என்றும் வழங்கும். திருநீறு பூசும்போதும், கோயிலை வலம் வரும்போதும், செபமாலை உருட்டும்போதும் சைவர்கள் சொல்வது இதுவே. இன்று சைவக் குடும்பங்களில் குழந்தைக்கு முதலில் சொல்லித் தரப்படும் மந்திரமும் இதுதான். ஆனால் இதை யார் சொல்லலாம், யாரிடமிருந்து பெற்றுச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ச் சைவத்துக்குள்ளேயே இருந்து வருகிறது. அதற்கு ஒரே விடை எக்காலத்திலும் இருந்ததில்லை.

வேதத்தில்

கிருஷ்ண யசுர் வேதத்தின் தைத்திரீய சங்கிதையில் நான்காம் காண்டத்தில் உள்ளது ஸ்ரீருத்ரம். அதன் பதினோரு அனுவாகங்களில் எட்டாவதில் இந்த ஐந்தெழுத்து வருகிறது. ஏழு காண்டங்களில் நான்காவது நடுக் காண்டம் என்பதால், வேதத்தின் இதயத்தில் ஐந்தெழுத்து வைக்கப்பட்டுள்ளது என்று சைவர்கள் விளக்குவார்கள். ஆனால் ஸ்ரீருத்ரத்தை ஓதிக் கேட்பவருக்கு அது தனி மந்திரமாகத் தெரியாது. உருத்திரனுக்குச் சொல்லப்படும் நூற்றுக்கணக்கான வணக்கங்களின் வரிசையில் அதுவும் ஒன்றாக வந்து போகிறது. அந்த ஒன்றைப் பிரித்தெடுத்து, அதுவே போதும் என்று சொன்னதில்தான் ஐந்தெழுத்தின் வரலாறு தொடங்குகிறது. வேதம் ஓதும் உரிமை சிலருக்கே இருந்த சமூகத்தில் இது சிறிய செய்தி அல்ல.

தேவாரத்தில்

தேவார முதலிகள் மூவரும் இதைப் போற்றித் தனிப் பதிகம் பாடியிருக்கிறார்கள். மூன்றிலும் கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் ‘நமச்சிவாய’ என்ற சொல்லில் வந்து முடியும். இது வெறும் பாட்டு நயம் அல்ல. பதிகத்தைப் பாடி முடிக்கும்போது, பாடியவரும் கூடச் சேர்ந்து சொன்னவரும் தம்மை அறியாமலே மந்திரத்தைப் பல முறை செபித்திருப்பார்கள்.

7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் வேளாளர். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்றும், அப்போது நமச்சிவாயப் பதிகம் பாடினார் என்றும், கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூருக்கு அருகில் கரை சேர்ந்தது என்றும் பெரியபுராணம் கூறும். கதையை விடப் பதிகத்தில் உள்ள ஒரு கருத்து வரலாற்றுக்கு முக்கியமானது. அந்தணருக்கு அணிகலன் வேதமும் ஆறு அங்கமும். நமக்கு அணிகலன் இந்த ஐந்தெழுத்து என்கிறார் அப்பர். ‘நமக்கு’ என்ற அந்தச் சொல்லில் வேதம் ஓதாத அடியார் கூட்டம் முழுவதும் அடங்கிவிடுகிறது. குலம் இல்லாதவருக்கும் குலத்துக்குரிய நலத்தைத் தருவது இது என்றும் அதே பதிகத்தில் பாடுகிறார்.

திருஞானசம்பந்தர் அந்தணர். அவர் ஐந்தெழுத்தை நான்கு வேதங்களின் உட்பொருள் என்கிறார். பூணூல் அணிந்த நாளில், தமக்கு வேதம் ஓதுவிக்க வந்த மறையவர்களுக்கே ஐந்தெழுத்தின் பெருமையைப் பாடி உணர்த்தினார் என்கிறது பெரியபுராணம். திருநல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமண நாளில் பாடிய பதிகத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கொலை செய்தவரானாலும், நற்குணம் சிறிதும் இல்லாதவரானாலும், இதைச் சொன்னால் தீங்கு நீங்கப் பெறுவர் என்பது அவர் வாக்கு. சுந்தரர் திருப்பாண்டிக்கொடுமுடியில் பாடியது வேறு வகை. மனம் இறைவனை மறந்தாலும் நாக்கு தானாகவே நமச்சிவாய என்று சொல்லும் என்கிறார். நாள்தோறும் செபம் செய்து பழகியவருக்கு இந்த அனுபவம் புதிதாக இராது.

இரண்டு நாயன்மார்கள்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இரண்டு நாயன்மார்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் திருத்தலையூர் உருத்திரபசுபதி நாயனார். அந்தணர். தாமரைக் குளத்தில் கழுத்தளவு நீரில் நின்று இரவும் பகலும் ஸ்ரீருத்ரம் ஓதினார். அதுவே அவர் தொண்டு.

மற்றவர் ஆனாய நாயனார். மாடு மேய்க்கும் இடையர். அவர் செய்தது குழலில் ஐந்தெழுத்தை வாசித்தது மட்டுமே. மூங்கிலை எங்கே வெட்டுவது, துளைகளை எப்படி இடுவது என்பது வரை சேக்கிழார் பொறுமையாகச் சொல்கிறார். இசை வரலாறு எழுதுபவர்கள் இன்றும் அந்தப் பகுதியைத் தேடிப் படிக்கிறார்கள். பூத்திருந்த கொன்றை மரத்தைச் சிவனாகவே கண்டு ஆனாயர் ஊத, கன்றுகள் பால் குடிப்பதை மறந்து நின்றன. முழு ஸ்ரீருத்ரத்தை ஓதியவருக்கும், அதன் நடுவில் உள்ள ஐந்தெழுத்தை நாவால் கூட உச்சரிக்காமல் மூச்சால் ஊதியவருக்கும் கிடைத்த பேறு ஒன்றே.

தீட்சையும் பொருளும்

இதே காலத்தில் இன்னொரு போக்கும் வலுப்பெற்று வந்தது. ஆகம நெறியில் மந்திரம் குருவிடமிருந்து தீட்சையின் வழியே பெறத் தக்கது. சமயம், விசேடம், நிருவாணம் என மூன்று தீட்சைகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராச சோழன் நியமித்த ஐம்பது பேரின் கல்வெட்டுப் பட்டியலில் ‘சிவன்’ என்று முடியும் தீட்சைப் பெயர்கள் பல உள்ளன. பாட்டு எல்லார் காதிலும் விழுந்தது. பாடியவர்களில் பலர் தீட்சை பெற்றவர்கள்.

13, 14ஆம் நூற்றாண்டுகளின் சைவ சித்தாந்த நூல்கள் ஐந்தெழுத்துக்குப் பொருள் விரித்தன. சி சிவன், வ அருள், ய உயிர், ந மறைக்கும் ஆற்றல், ம மலம். திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் இவற்றை நடராசர் திருமேனியிலேயே காட்டுகிறார். உடுக்கை சி, வீசிய கை வ, அஞ்சேல் என்ற கை ய, நெருப்பு ந, காலடியில் கிடக்கும் முயலகன் ம. ‘நமசிவாய’ என்பது தூலம், ‘சிவாயநம’ என்பது சூக்குமம். முதலாவதில் மறைப்பும் மலமும் முன்னே நிற்கின்றன. இரண்டாவதில் சிவனும் அருளும் முன்னே வர, உயிர் நடுவில் நிற்கிறது. உமாபதி சிவம் திருவருட்பயனின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார்.

1313ஆம் ஆண்டில் சங்கற்ப நிராகரணம் எழுதிய அதே உமாபதி சிவத்தைப் பற்றி மடங்களில் வழங்கும் கதை ஒன்று உண்டு. தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் இருந்த அவரது மடத்துக்கு விறகு கொண்டு வந்தவர் பெற்றான் சாம்பான். ஒடுக்கப்பட்ட சாதியினர். இறைவன் பாடல் எழுதிக் கொடுத்த சீட்டோடு அவர் வர, உமாபதி சிவம் அவருக்கு உயர்ந்த தீட்சையாகிய நிருவாண தீட்சையையே கொடுத்தார். அக்கணமே அவர் சோதியில் கலந்தார். கணவரை எரித்துவிட்டதாக மனைவி அரசனிடம் முறையிட, அரசன் விசாரிக்க வந்தான். உமாபதி சிவம் ஒரு முள்ளிச் செடிக்கும் தீட்சை அளித்து முத்தி பெறச் செய்து காட்டினாராம். நடந்ததா என்பது வேறு கேள்வி. தீட்சை என்ற வாயிலை ஏற்றுக்கொண்டு, அதன் வழியாக யார் நுழையலாம் என்பதை மட்டும் மாற்றிப் பார்க்கும் கதை இது.

நாவலர் காலம்

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இதை விதிகளாக எழுதினார். அவருடைய சைவ வினாவிடையின்படி, மது மாமிசம் நீக்கி, ஆசாரம் உடையவராய், சிவதீட்சை பெற்றவரே பஞ்சாட்சர செபத்துக்கு உரியவர். செபமாலையால் எண்ணுவதா, விரலால் எண்ணுவதா, எந்தத் திசை நோக்கி இருப்பது என்பதையும் வினா விடையாகவே அடுக்குகிறார். கிறித்தவப் பள்ளிகளின் வினாவிடை நூல்களுக்கு எதிராகச் சைவப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்த வேண்டியிருந்த காலம் அது. கண்டிப்பான விதிகள் அவருக்குத் தேவைப்பட்டன. கொலை செய்தவரும் சொல்லலாம் என்ற சம்பந்தர் வாக்குக்கும் இந்த விதிக்கும் இடையே உள்ள தூரம் படிப்பவர் கண்ணில் படாமல் போகாது. ஆனால் அந்த நாவலரே 1852இல் பெரியபுராணத்தை உரைநடையாக்கி அச்சிட்டார். செய்யுள் படிக்கத் தெரியாதவர்களும் ஆனாய நாயனார் குழல் ஊதிய கதையை அந்தப் புத்தகத்தில்தான் படித்தார்கள்.