சொல் விளக்கம்: சீஃப் ஆஃப் ஸ்டாஃப்

படைத்துறையில் பிறந்த சொல் இது. தளபதியின் முடிவுகளைத் திட்டமாக்கிக் கீழே கொண்டுசெல்லும் அதிகாரிகள் குழுதான் 'ஸ்டாஃப்'. அதன் தலைவர்தான் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்'. படைத்தளபதியாக இருந்து அமெரிக்க அதிபரான ஐசனோவர், 1953-இல் ஷெர்மன் ஆடம்சை வெள்ளை மாளிகையில் இந்த வேலைக்கு அமர்த்தினார். அதிபரை யார் சந்திக்கலாம், எந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போகலாம் என்பதெல்லாம் இப்பதவியில் இருப்பவர் கையில். இத்தனைக்கும் செனட் ஒப்புதல் வேண்டாத பதவி. அதிபர் நினைத்தால் அன்றே விலக்கலாம்.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரை ஒட்டிய சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் படித்த லியோன் பனெட்டா 1994 முதல் 1997 வரை அதிபர் கிளின்டனிடம் இப்பொறுப்பில் இருந்தார். இன்று சான் ஹோசே மேயர் அலுவலகத்திலும் மென்பொருள் நிறுவனங்களிலும்கூட இப்பதவி உண்டு.

தமிழில் 'தலைமைப் பணியாளர்' என்று எழுதுகிறார்கள். அது போதவில்லை, ஆள்பவரின் அருகிலேயே இருப்பவர் என்ற பொருள் அதில் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் வாய்மொழி ஆணையை எழுதுபவர் 'திருமந்திர ஓலை'. அவருக்கு மேல் 'திருமந்திர ஓலைநாயகம்'. அரசனை அணுக்கமாகச் சூழ்ந்தவர்கள் 'உடன்கூட்டத்து அதிகாரிகள்'. அந்த 'உடன்கூட்டம்'தான் ஸ்டாஃப். 'உடன்கூட்டத் தலைவர்' என்று நம் இதழ்கள் எழுதத் தொடங்கலாம்.