சிறுநீரகப் புற்றுநோய்ச் சிகிச்சை வரலாற்றில் தாதியர் உழைப்பு

1869ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலே குஸ்ராவ் சைமன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண்ணின் சிறுநீரகமொன்றைத் திட்டமிட்டு அகற்றினார். எஞ்சிய ஒன்றைக்கொண்டு மனிதர் உயிர்வாழலாம் என்பது இதனாற் புலனாயிற்று. அப்பெண்ணுக்கு இருந்தது புற்றுநோயன்று. எனினும் சிறுநீரகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குவர். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அது கத்தியின் வரலாறாகவே இருந்தது. 1960களிற் கனடிய மருத்துவர் றொப்சன் சிறுநீரகத்தை அதைச் சூழ்ந்த கொழுப்பு, அதிரீனல் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள் என்பவற்றோடு ஒருங்கே அகற்றும் முறையை நிலைநாட்டினார். ஆயின், நோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியபின் கத்தியால் ஆவது சிறிதே. கதிர்ச் சிகிச்சைக்கும் வழமையான இரசாயன மருந்துகளுக்கும் இந்நோய் எளிதில் இணங்குவதுமில்லை.

இந்நிலையிலேதான் இன்ரர்லூக்கின்-2 வந்தது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இப்புரதத்தைக் கொண்டு ஸ்ரீவன் றோசன்பேர்க்கும் அவர்தம் குழுவினரும் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் நடத்திய ஆய்வு 1985இல் வெளிவந்தது. 1992இல், பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு இம்மருந்தை வழங்க அந்நாடு அனுமதித்தது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளில் 255 நோயாளர் இடம்பெற்றனர். கட்டி சுருங்கியோர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர். சிகிச்சையின் விளைவாலேயே இறந்தோர் நூற்றுக்கு நால்வர்.

எட்டு மணிக்கு ஒரு தடவையாக, இரவு பகலாக ஐந்து நாட்கள்வரை மருந்து செலுத்தப்படும். நுண்குழாய்களிலிருந்து திரவம் கசியும், குருதி அமுக்கம் வீழும், சிறுநீர் குறையும், உடலெடை ஏறும், சிந்தை தடுமாறும். மருந்தை உரிய வேளையில் நிறுத்தின் இவற்றுட் பெரும்பாலானவை நீங்கும். அவ்வுரிய வேளை எதுவென அறிவது எங்ஙனம்? சிறுநீரை அளந்து, எடையை நிறுத்து, நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று சொற்களைத் தேடுவதைக் கவனித்த தாதியின் குறிப்பே அதனைக் காட்டிற்று.

அதே நிறுவனத்தில் 1985 முதல் 1997 வரை இம்மருந்தைப் பெற்ற, பரவிய புற்றுநோயுற்ற 1241 பேரைப் பற்றிய ஆய்வு இவ்விடத்து நோக்கற்பாலது. அவர்களுட் கடைசி 809 பேரில் ஒருவரேனும் சிகிச்சையால் இறக்கவில்லை. மருந்து மாறவில்லை, அதன் பயனும் குன்றவில்லை. இதயநோயுடையோர் முன்கூட்டியே விலக்கப்பட்டமை, தொற்றைத் தடுக்கும் மருந்துகள், நிறுத்தவேண்டிய இடத்தைக் கண்டுகொள்ளப் பழகியமை ஆகியனவே காரணங்கள். இவற்றை முழுவதும் தாதியர்க்கே உரிமையாக்குதல் மிகையாகும். ஆனால், மூன்றாவது காரணம் கட்டிலருகே ஈட்டப்பட்ட அறிவு. வரலாற்று நூல்களோ புரதத்தைக் கண்டவரையும் ஆய்வை நடத்தியவரையும் பெயர் சுட்டிப் பேசுகின்றன. இரவுப்பணி ஏட்டில் எழுதியவரைப் பேசுவதில்லை. பெண்களின் உழைப்பை இயல்பான பரிவெனக் கொண்டு அறிவெனக் கொள்ளாத சமூக நோக்கே இதற்கு ஏதுவென நாம் கருதுகிறோம்.

2005இன் இறுதியிற் சொராபெனிப்பும் 2006இன் தொடக்கத்திற் சுனிற்றினிப்பும் வில்லைகளாக வந்தபின் நோயாளர் வீடு திரும்பினர். 2015இல் நிவோலுமாப் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. தாதியின் பணி குறையவில்லை, இடம் மாறியது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெடித்து நடக்கவியலாத நோயாளி, மருத்துவரிடம் சொல்லாது வில்லைகளைத் தாமே நிறுத்திவிடுவதுண்டு. நேற்று எத்தனை தடவை வயிறு போயிற்று என்று தொலைபேசியிற் கேட்பவரிடமே அவர் அதனையும் சொல்கிறார்.